பள்ளியில் ஆதிவாசி தினம்: இலைப் பாவாடை இல்லாமல் எப்படிக் கொண்டாடுவது?

மலையோர டீச்சர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கேரளத்து அட்டப்பாடி மலையில், கோவை எல்லையை ஒட்டினாற்போல, சிஸ்டர்கள் நடத்துகிற ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சராக இருக்கிறேன். சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம், இங்கே வந்து ரொம்ப நாள் ஆகவில்லை. வகுப்பில் மலையாளம் பேசுகிற பிள்ளைகள், தமிழ்க் கவுண்டர் வீட்டுப் பிள்ளைகள், இருளர், முடுகர், குறும்பர் பிள்ளைகள் என்று எல்லாரும் கலந்துதான் உட்காருவார்கள். ஹாஸ்டலில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆதிவாசிப் பெண்கள்.

ஆகஸ்ட் 9 உலகப் பழங்குடிகள் தினம் என்று பள்ளியில் வருடா வருடம் ஒரு நிகழ்ச்சி நடக்கும். நடக்கிற விதம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. வெளியிலிருந்து ஒரு டான்ஸ் மாஸ்டர் வருவார். எட்டாம் வகுப்பில் நன்றாக ஆடுகிற பிள்ளைகளாகப் பார்த்துப் பொறுக்கி எடுப்பார். அவர்களில் ஒருத்திகூட ஆதிவாசிப் பெண் இருக்கமாட்டாள். பச்சைத் துணியில் வெட்டிய இலைப் பாவாடை, தலையில் கோழி இறகு, கை கால் முகமெல்லாம் கறுப்புச் சாயம், கையில் ஒரு ஈட்டி, பின்னணியில் ஏதாவது சினிமாப் பாட்டு. ஹாஸ்டல் பிள்ளைகள் நாற்காலி போட்டு முடித்துவிட்டுக் கடைசியில் போய்த் தரையில் உட்கார்ந்து இதைப் பார்ப்பார்கள். போன தடவை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒன்பதாம் வகுப்பு இருளர் பெண் மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், நாங்க எப்போ இறகு வெச்சுக்கிட்டுச் சுத்தினோம்?" கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இந்த வருடம் ஹெச்.எம். சிஸ்டர் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார். "உனக்குச் சரியென்று படுகிற மாதிரி செய், ஆனால் யார் மனசும் நோகக்கூடாது" என்றார். நல்ல மனுஷி, பின்னால் நிற்பார். ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடம் போய்ப் பேசுவது, எதை மேடையில் வைக்கலாம், எதைத் தொடவே கூடாது? ஹாஸ்டல் பிள்ளைகளில் சிலர் "எங்களைக் கூப்பிடாதீங்க டீச்சர், எல்லாரும் பார்ப்பாங்க" என்கிறார்கள், அவர்களை என்ன செய்வது? அப்புறம் இன்னொன்று. கிறிஸ்தவப் பள்ளிக்குள் பூஜை, சாமி என்று எதுவும் நுழைந்துவிடக் கூடாது என்று இரண்டு மூன்று பெற்றோர் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். இதிலெல்லாம் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொகல் சத்தம்

டீச்சர், நான் இருளர் பெண். அட்டப்பாடியில்தான் பிறந்தேன், இதே மாதிரி ஒரு ஹாஸ்டலில்தான் தங்கிப் படித்தேன், இப்போது நர்ஸாக வேலை பார்க்கிறேன். நீங்கள் எழுதினதைப் படித்ததும் உடனே பதில் போட வேண்டும் என்று தோன்றியது, நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த டான்ஸ் மாஸ்டரை நிறுத்துங்கள். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் கறுப்புச் சாயம் பூசி ஒரு பிள்ளை மேடை ஏறும்போது, கீழே உட்கார்ந்திருக்கிற கறுத்த பிள்ளைக்கு அது எங்கே போய்க் குத்தும் என்று யாரும் யோசிப்பதில்லை. என் பாட்டி சேலைதான் கட்டினாள், அவளுடைய அம்மாவும் சேலைதான். இறகும் ஈட்டியும் எங்கேயோ யாரோ எடுத்த படத்திலிருந்து வந்தவை.

அடுத்தது, பள்ளியில் உட்கார்ந்து நிகழ்ச்சி நிரல் போடாதீர்கள், முதலில் ஊருக்குப் போங்கள். ஹாஸ்டல் வார்டனையும், வர முடிந்தால் ஹெச்.எம். சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் ஊர்களில் மூப்பன், வண்டாரி, குறுதலை, மண்ணூக்காரன் என்று ஆளாளுக்குப் பொறுப்பு உண்டு. மூப்பன் ஊருக்குத் தலைவர். வண்டாரி கையில் கணக்கு வழக்கு, பொதுச் சொத்து. குறுதலை மூப்பனுக்குத் துணையாக நிற்பவர். மண்ணூக்காரனுக்கு மண்ணும் விதையும் அத்துப்படி, எப்போது எதை விதைக்கலாம் என்று அவர்தான் சொல்வார். மூப்பனிடம் போய், "பள்ளியில் ஒரு புரோகிராம் இருக்கு, இருபது பேரை ஆட அனுப்புங்க" என்று சொன்னால் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார். அதோடு எல்லாம் முடிந்தது. அதற்குப் பதிலாக, "உங்க பேத்திமார் படிக்கிற பள்ளிக்கூடம், அவங்களோட படிக்கிற பிள்ளைகளுக்கு உங்களைப் பத்தி என்ன தெரிஞ்சிருக்கணும்னு நினைக்கிறீங்க" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். உடனே பதில் வராது. காப்பி வரும், வேறு எதையாவது பேசுவார்கள், அப்புறம்தான் வரும்.

பாட்டு, ஆட்டம் பற்றி. பெறை என்கிற மேளம், தவில், கொகல் என்கிற ஊதுகுழல், ஜால்ரா, இதெல்லாம்தான் எங்கள் வாத்தியங்கள். கல்யாணத்துக்கும் ஆடுவோம், சாவுக்கும் ஆடுவோம். வெளியாள் காதுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும், எங்களுக்கு அப்படி இல்லை. ஒரு தடவை வேறு ஒரு இடத்து விழாவில், யாரோ பதிவு செய்து வைத்திருந்த சாவுப்பாட்டைப் போட்டு, விருந்தாளிகளை வரவேற்றுக் கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள். அதனால் எந்தப் பாட்டை எங்கே பாடலாம் என்று அவர்களே சொல்லட்டும். "இதை இங்கே வேண்டாம்" என்று ஒன்றைச் சொன்னால் ஏன் என்று துருவிக் கேட்காதீர்கள்.

ஆட்டம் வட்டமாகத்தான் போகும். பார்வையாளரைப் பார்த்து வரிசையாக நின்று ஆடுவது எங்களிடம் கிடையாது. மேடையே வேண்டாம், மைதானத்தில் வையுங்கள். நடுவில் வாத்தியக்காரர்கள், சுற்றி ஆட்டம், தாளம் பிடிபட்டதும் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து சேர்ந்துகொள்ளலாம். மலையாளப் பிள்ளைகளும் கவுண்டர் பிள்ளைகளும் பள்ளிச் சீருடையோடேயே வந்து சேரட்டும். அப்போது ஹாஸ்டல் பெண்கள் கால் வைக்கிற விதத்தைப் பார்த்துத்தான் மற்ற பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். இந்த ஒன்று நடந்தாலே எனக்குப் போதும்.

"எங்களைக் கூப்பிடாதீங்க" என்கிற பிள்ளைகளை விட்டுவிடுங்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த வயதில் தனியாகத் தெரிவதே பெரிய பாரம். கட்டாயப்படுத்தினால் இந்த நாளையே வெறுத்துவிடுவார்கள். ஆனால் சும்மா நிற்கவும் விடாதீர்கள், தன் பாட்டியை வாசலில் வரவேற்றுக் கூட்டிவந்து உட்கார வைக்கிற வேலை அவளுக்குக் கொடுங்கள். முன்வரிசையில். தலைமை விருந்தினருக்குப் போடுகிற அதே நாற்காலியில்.

கடைசியாக, வாத்தியம் வாசிக்க வருகிறவர்களுக்குப் பணம் கொடுங்கள். டான்ஸ் மாஸ்டருக்கு எவ்வளவு கொடுத்தீர்களோ அதற்குக் குறையாமல். சால்வையும் சான்றிதழும் மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள்.

தோட்டத்து வீடு

டீச்சர் எழுதியதையும் மேலே அந்த நர்ஸ் தங்கச்சி எழுதியதையும் படித்தேன். நான் இங்கே விவசாயம் செய்கிறவன். என் தாத்தா காலத்தில் கோவைப் பக்கமிருந்து வந்து தோட்டம் போட்டோம். என் மகளும் இப்படி ஒரு சிஸ்டர்ஸ் பள்ளியில்தான் படிக்கிறாள். மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே சீருடை போட்டுக்கொண்டு ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அதுதானே நல்லது? இன்றைக்கு இந்தக் கூட்டத்துக்கு ஒரு நாள் என்றால், நாளைக்கு ஒவ்வொரு சாதிக்காரரும் எங்களுக்கும் ஒரு நாள் வேண்டும் என்பார்கள். என் மகள் வீட்டுக்கு வந்து "அப்பா, நாம இங்க வெளியாளா" என்று கேட்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது. ஆட்டம் பாட்டு சாப்பாடு என்றால் சந்தோஷமாக வருவேன், அரிசி மூட்டைகூட வாங்கித் தருகிறேன். நிலம், உரிமை என்று பேச ஆரம்பித்தால் பிள்ளைகளுக்குள் சண்டைதான் வரும். அதைப் பெரியவர்கள் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளட்டும்.

மதர் வீட்டுத் திண்ணை

அன்புள்ள டீச்சருக்கும் மற்றவர்களுக்கும். நான் ஒரு கன்னியர் சபையைச் சேர்ந்தவள், பெண்கள் பள்ளிகளில் ஆசிரியையாகவும் தலைமையாசிரியையாகவும் இருந்து ஓய்வு பெற்றவள். பூஜை, சாமி என்று பயப்படுகிற பெற்றோரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் வீட்டுப் பேச்சு.

திருச்சபை இந்த விஷயத்தில் எங்கே நிற்கிறது என்பது அந்தப் பெற்றோருக்கு யாரும் எடுத்துச் சொல்லாததால் வருகிற பயம் அது. மற்ற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக இருப்பது எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே அறிக்கை விட்டுவிட்டது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1986-ல் ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் போய், அங்குள்ள பூர்வகுடி மக்களிடம், உங்கள் பங்கு வந்து சேர்ந்து மற்றவர்கள் அதை மகிழ்ச்சியோடு ஏற்கும் வரை அந்த நாட்டுத் திருச்சபை முழுமை அடையாது என்ற கருத்தில் பேசினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலையில் கனடா போய் மன்னிப்புக் கேட்டார். எதற்காக? அங்கே பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் வைத்து, அவர்கள் மொழியைப் பேசவிடாமல், முடியை வெட்டி, பெயரை மாற்றி வளர்த்தார்கள். அந்தப் பள்ளிகளில் பலவற்றை நடத்தியவர்கள் நம் சபைகளைப் போன்ற கத்தோலிக்கத் துறவற சபைகள். அடுத்த வருடம், 2023 மார்ச்சில், பழைய காலத்தில் பூர்வகுடிகளின் நிலத்தை ஐரோப்பியர்கள் தங்களுடையது என்று எடுத்துக்கொள்ளத் துணையாக இருந்த கோட்பாட்டை வத்திக்கான் வெளிப்படையாக மறுத்தது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், விடுதி நடத்துகிற ஒவ்வொரு சிஸ்டரும் கனடாக் கதையைப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நம் விடுதிகள் அதுபோன்றவை இல்லை, பெற்றோர் விரும்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள், எத்தனையோ பெண்கள் நர்ஸாகவும் டீச்சராகவும் ஆகியிருக்கிறார்கள். இருந்தாலும் கேட்டுப் பாருங்கள்: உங்கள் விடுதியில் இரவு சாப்பாட்டு நேரத்தில் இரண்டு இருளர் பிள்ளைகள் தங்கள் பாஷையில் பேசிக்கொண்டால் வார்டன் என்ன சொல்கிறார்? "மலையாளத்தில் பேசு" என்றோ "தமிழில் பேசு" என்றோ அதட்டுகிறாரா? அப்படி அதட்டினால் ஆகஸ்ட் 9-க்கு எத்தனை வாத்தியம் வாசித்தும் பிரயோஜனம் இல்லை. நீங்கள் அங்கிருந்து ஆரம்பியுங்கள் டீச்சர்.

நிகழ்ச்சி அன்று என் யோசனை எளிமையானது. பள்ளியின் வழக்கமான செபம் வழக்கம்போல நடக்கட்டும். ஊர்ப் பெரியவர்கள் தொடங்கும்போது அவர்கள் வழக்கப்படி மண்ணையோ மலையையோ கும்பிட்டுத் தொடங்கினால் நாம் எழுந்து மரியாதையாக நிற்போம், அவ்வளவுதான். இரண்டையும் கலந்து புதிதாக ஒரு சடங்கு உண்டாக்க வேண்டாம். அவர்கள் கும்பிடுவதை நம் பிள்ளைகளை நடிக்க வைக்கவும் வேண்டாம். பெற்றோர் கூட்டத்தில் ஹெச்.எம். சிஸ்டரே முன்கூட்டி இதைச் சொல்லிவிட்டால் பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

அப்புறம் தோட்டத்து வீட்டுத் தம்பிக்கு. பிள்ளைகளுக்குள் சண்டை வரக்கூடாது என்கிற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் சமூக அறிவியல் டீச்சர் நிலத்தைப் பற்றிப் பேசாமல் அட்டப்பாடியைப் பற்றி என்னதான் பாடம் எடுப்பார்? 1951 கணக்கெடுப்பில் இந்த மலையில் கிட்டத்தட்ட 90 சதவீதம் ஆதிவாசிகள். இன்றைக்குப் பாதிக்கும் குறைவு. பறிபோன நிலத்தை மீட்டுக் கொடுக்க 1975-ல் கேரளச் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டு, அது நடைமுறைக்கே வராமல் இழுத்தடித்து, 1999-ல் வேறு சட்டம் வந்தது. இது எல்லாருக்கும் தெரிந்த வரலாறு, யாரையும் வைகிற பேச்சு இல்லை. உங்கள் மகள் அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டால், தாத்தா எப்படி வந்தார், யாரிடம் வாங்கினார் என்று உட்கார்ந்து சொல்லுங்கள். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடத் தாங்குவார்கள்.

யாரா நதிக்கரை

மெல்போர்னிலிருந்து எழுதுகிறேன். பூர்வீகம் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். என் பெண் இங்கே ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் படிக்கிறாள், அதனால் தலைப்பைப் பார்த்ததும் உள்ளே வந்தேன்.

இங்கே ஜூலை முதல் ஞாயிறில் தொடங்கும் வாரத்தை நெய்டாக் வாரம் என்று பூர்வகுடிகளின் வாரமாகக் கொண்டாடுகிறார்கள். எங்கள் மாநிலத்தில் அது பள்ளி விடுமுறையோடு மோதுவதால் பல பள்ளிகள் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்கின்றன. பள்ளிக்கூட அசெம்பிளி, பெற்றோர் கூட்டம் எதுவானாலும் தொடங்குமுன் "நாம் நிற்கிற இந்த நிலம் இன்ன மக்களுடையது, அவர்களின் மூத்தோருக்கு மரியாதை" என்று ஒருவர் சொல்வார். மெல்போர்ன் பகுதியில் உருண்ட்ஜெரி மக்களின் பெயரைச் சொல்வார்கள். அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், எட்டு வயதுப் பிள்ளைகூடச் சொல்கிறது. ஆனால் "எங்கள் நிலத்துக்கு வாருங்கள்" என்று வரவேற்கிற சடங்கு வேறு. அதை அந்த நிலத்து மூத்தவர் மட்டும்தான் செய்யலாம். பள்ளி முதல்வரோ பாதிரியாரோ செய்ய முடியாது, வேறு பகுதியிலிருந்து வந்த பூர்வகுடி ஆளும் செய்யமாட்டார். உங்கள் கேள்விக்கு இதில் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன்: சில காரியத்தை எல்லாரும் சேர்ந்து செய்யலாம், சிலதை அவர்கள்தான் செய்ய வேண்டும்.

என் பெண்ணின் பள்ளியில் ஓவியம் வரைய ஒரு பூர்வகுடிப் பெண்மணி வந்தார். பிள்ளைகள் எல்லாரும் புள்ளி வைத்து வரைய ஆசைப்பட்டார்கள், இங்கே கடைகளில் பார்ப்பது அதுதானே. அவர் வேண்டாம் என்றார். அந்தப் பாணி அவருடைய மக்களுடையது இல்லையாம். அவரவர் வீட்டுப் பக்கம் ஓடுகிற ஓடையை, மரத்தைக் கவனித்து அதை வரைந்துவரச் சொன்னார். என் பெண் ஒரு வாரம் ஒரு யூகலிப்டஸ் மரத்தின் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு வெளிச்சத்தில்கூட.

சிஸ்டர் கனடாவைச் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவிலும் அதே கதைதான், பிள்ளைகளைப் பறித்துக்கொண்டு போனார்கள், திருச்சபை நடத்திய இல்லங்களும் அதில் இருந்தன. 1997-ல் அதைப் பற்றிய விசாரணை அறிக்கை வந்தது, 2008 பிப்ரவரி 13-ல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பள்ளியில் இதை மறைப்பதில்லை, மே 26 அன்று அதற்கென்றே ஒரு நினைவு நாள் இருக்கிறது. முதல் தடவை என் பெண் அழுதுகொண்டு வந்தாள். நான் கொஞ்சம் கலங்கினேன், இவ்வளவு சின்ன வயதில் வேண்டுமா என்று. இப்போது பார்க்கும்போது நல்லதென்றே தோன்றுகிறது. கொண்டாட்டமும் துக்கமும் வேறு வேறு நாள் என்று பிரித்து வைத்திருப்பதும் நல்லதுதான். ஆட்டம் பாட்டு நடக்கிற அன்றைக்கே எல்லாக் கொடுமையையும் சொல்லித் தீர்க்க வேண்டியதில்லை.

கூடலூர் வழி

நான் கூடலூர், தமிழ்நாட்டுப் பக்கம், வயநாட்டு எல்லை. எங்கள் பக்கம் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர். அட்டப்பாடி கதையேதான், நிலம் போனதும் அப்படித்தான். 1988-ல் ஆதிவாசிகள் ஆயிரக்கணக்கில் திரண்டு நில உரிமை கேட்டுக் கூடலூரில் ஊர்வலம் போனார்கள். அதற்குப் பிறகு இங்கே பல காரியம் நடந்தது. ஆதிவாசிப் பெண்களே நர்ஸாகப் பயிற்சி பெற்று வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி வந்தது, ஆதிவாசி ஆசிரியர்களே பாடம் எடுக்கிற வித்யோதயா பள்ளி இருக்கிறது.

டீச்சர், முடிந்தால் ஒரு நாள் அந்தப் பள்ளியை வந்து பாருங்கள். அங்கே தனியாக ஒரு நாளில் எதையும் திணிக்க வேண்டியதில்லை, ஏனென்றால் பாட்டும் கதையும் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. வகுப்பு எடுப்பவரே அந்தச் சமூகத்து ஆள் என்றால் பிள்ளை கூனிக் குறுகாது. உங்கள் பள்ளியில் ஆதிவாசி டீச்சர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லையென்றால் ஹெச்.எம். சிஸ்டரிடம் அதையும் பேசுங்கள். அதற்கு ஒரு வருடம் ஆகலாம், ஐந்து வருடம் ஆகலாம். விழாவைவிட அது பெரிய காரியம்.

சின்ன யோசனை ஒன்று. பிள்ளைகள் பாட்டிமாரிடம் கேட்டுக் கதை எழுதி வரட்டும். தமிழ் எழுத்திலோ மலையாள எழுத்திலோ, பேச்சு அவர்கள் பாஷையாகவே இருக்கட்டும். திருத்தாமல் அப்படியே நூலகத்தில் வையுங்கள், எழுதியவள் பெயரோடு.

மலையோர டீச்சர்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ஹெச்.எம். சிஸ்டரோடு உட்கார்ந்து மூன்று மணிநேரம் பேசினோம், இந்தத் திரியை அப்படியே அவரிடம் காட்டினேன். டான்ஸ் மாஸ்டருக்குப் போன் போட்டு இந்த வருடம் வேண்டாம் என்று சிஸ்டரே சொல்லிவிட்டார். ஹாஸ்டலில் பாஷை பற்றி மதர் கேட்டது சரியான கேள்வி. வார்டனிடம் விசாரித்தால், யார் போட்டது என்றே தெரியாத ஒரு விதி அங்கே நோட்டீஸ் போர்டில் இருக்கிறது, "பள்ளி மொழியில் மட்டும் பேசவும்" என்று. சிஸ்டர் தன் கையாலேயே கிழித்தார்.

ஊருக்கும் போய் வந்தோம். நர்ஸ் அக்கா சொன்னது போலவே மூப்பன் முதலில் மழை, யானை, பஸ் நேரம் என்றுதான் பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் அவர் வீட்டு அம்மா உள்ளேயிருந்து வந்து, ஆட்டம் எல்லாம் இருக்கட்டும், பிள்ளைகளுக்கு விதையைக் காட்டுங்கள் என்றார். ராகி, சாமை, தினை, துவரை, ஆட்டுக்கொம்பு அவரை எல்லாம் முறத்தில் போட்டு எடுத்துவந்து காட்டினார். அந்த அவரைக்கும் அட்டப்பாடித் துவரைக்கும் 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஆனால் கையில் வாங்கிப் பார்த்தது அன்றைக்குத்தான். ஆட்டுக் கொம்பு மாதிரியே வளைந்து இருக்கிறது காய். அதோடு கம்பளம் என்கிற வழக்கத்தைப் பற்றிச் சொன்னார்கள், ஊரே சேர்ந்து காட்டில் வேலை செய்யும்போது பெறையும் கொகலும் வாசிப்பார்களாம், கொத்துகிறவர்கள் அந்தத் தாளத்துக்கே கொத்துவார்களாம். பள்ளிக்குப் பின்னால் சும்மா கிடக்கிற நிலத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து கொத்தி விதைக்கலாம், வாத்தியம் நாங்கள் வாசிக்கிறோம் என்று மூப்பனே சொன்னார். மண்ணூக்காரன் வந்து மண்ணைப் பார்த்துவிட்டு எதைப் போடுவது, எப்போது போடுவது என்று சொல்வதாக ஏற்பாடு. அவர் சொல்கிற நாள் ஆகஸ்ட் 9-ஆக இல்லாவிட்டாலும் அந்த நாளிலேயே விதைத்துக்கொள்வோம் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார்.

தோட்டத்து வீட்டு அண்ணாவுக்கு: உங்கள் கவலையை சிஸ்டரிடம் சொன்னேன். ஆகஸ்ட் 9 விதையும் ஆட்டமும் சாப்பாடும்தான். நில வரலாறு என் வகுப்பில், பாடமாக, அதற்குரிய நேரத்தில் நடக்கும், விடமாட்டேன். நீங்களும் வாருங்கள்.

இன்னும் மூன்று சந்தேகம். சாப்பாட்டுக்குப் பிரியாணி போடலாம் என்று பி.டி.ஏ.வில் சொல்கிறார்கள், சரிப்படுமா? உயரத்தில் இருக்கிற குறும்பர் ஊர்களிலிருந்து பாட்டிமார்கள் வருவதற்கு என்ன வழி? அப்புறம் போட்டோ, வீடியோ?

தோட்டத்து வீடு

வருகிறேன் டீச்சர். என் மகளிடம் இதைப் படிக்கக் கொடுத்தேன், அவளோடு படிக்கிற ஒரு முடுகர் பெண்ணின் வீட்டுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை என்றாள். ஆறு வருடமாக ஒரே வகுப்பாம். என் டிராக்டர் வேண்டுமானால் நிலத்தை உழுதுவிடச் சொல்லுங்கள்.

கொகல் சத்தம்

அண்ணா, டிராக்டர் வேண்டாம், கையால் கொத்தத்தான் அந்த வாத்தியம். ஆனால் வேலி போட ஆள் வேண்டும், பன்றி வரும், அதற்கு வாருங்கள். நீங்கள் வருகிறேன் என்று சொன்னது சந்தோஷமாக இருக்கிறது. இதே மலையில் 2018-ல் அரிசி திருடினான் என்று ஒரு ஆதிவாசிப் பையனைக் கட்டிவைத்து அடித்து, பக்கத்தில் நின்று செல்ஃபியும் எடுத்தார்கள், அவன் செத்துப்போனான். 2023-ல் கோர்ட் தண்டனை கொடுத்தது. அதற்கப்புறம் கடைத்தெருவில் நடக்கும்போது எங்கள் வீட்டுப் பையன்களை நினைத்து எனக்கு இன்னும் வயிறு கலங்கும். ஒருத்தர் வீட்டுக்கு இன்னொருத்தர் போய்வந்திருந்தால் அன்றைக்கு யாராவது ஒருவர் குறுக்கே நின்றிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

டீச்சர், பிரியாணி வேண்டாம். ராகிக் களியும் கீரையும் துவரைக் குழம்பும் போதும். பாட்டிமார்கள் கான்வென்ட் சமையலறையில் வந்து கிளறுவார்கள், கீரையைப் பிள்ளைகளே பறித்து ஆயட்டும், எது சாப்பிடுகிற கீரை எது இல்லை என்று அங்கேயே பாதிப் பாடம் நடந்துவிடும். களி கிளற அகலமான பாத்திரமும் நல்ல கனமான மரத்துடுப்பும் வேண்டும், ஹாஸ்டல் கரண்டி ஒடிந்துவிடும். அரிசிச் சோறும் கொஞ்சம் வடித்து வையுங்கள், எல்லாப் பிள்ளைக்கும் களி இறங்காது, எங்கள் பிள்ளைகளுக்கே இப்போது ரேஷன் அரிசிதான் பழக்கம்.

வீடியோவுக்கு ஒரே ஆளை வையுங்கள். எடுப்பதை ஊர்க்காரர்களிடம் காட்டி, அவர்கள் சரி என்றதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் முகத்தைப் பேஸ்புக்கில் போட வேண்டாம். எங்கள் அட்டப்பாடிப் பாட்டுக்காரி நஞ்சியம்மா 2022-ல் சினிமாப் பாட்டுக்குத் தேசிய விருது வாங்கினதிலிருந்து எந்தப் பாட்டி வாயைத் திறந்தாலும் நாலு போன் நீள்கிறது, கேட்டுவிட்டு எடுக்கிறவர்கள் குறைவு.

குறும்பர் ஊர்களுக்கு ஜீப்தான் போகும். புதூர் பக்கம் டிரைவரிடம் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி வையுங்கள், போக வர இரண்டுக்கும் வாடகையைப் பள்ளியே கொடுத்துவிடட்டும். ஆகஸ்டில் மழை பிடித்துக்கொண்டால் முந்தின நாள் சாயங்காலமே இறக்கிக்கொண்டு வந்துவிடுவது நல்லது. ராத்திரி ஹாஸ்டலில் பேத்திமார்களோடு படுத்துக்கொள்வார்கள், சிஸ்டரிடம் பாய் மட்டும் கேட்டு வாங்கி வையுங்கள்.